போரோஸுக்கு ஜோசியம் சொன்னவர்

கேள்வி: சைதாமா, கோஜோ, கோகு என்று ஜப்பானியக் கார்ட்டூனான அனிமேயில் யாராலும் வெல்ல முடியாத பலசாலிகள் எல்லாரும் உள்ளுக்குள் தனிமையில் வாடுகிறார்களே, ஏன்? சமமான எதிரி கிடைக்காதவன் பாவம் இல்லையா? இவர்களில் மிகவும் தனிமையானவர் யார் என்று முதல் ஐந்து இடங்களை வரிசைப்படுத்துவீர்களா?

– கல்லூரி மாணவர் ஒருவர், கும்பகோணம்

பதில்: வரிசைப்படுத்த மாட்டேன். யார் பெரிய பலசாலி என்று பட்டியல் கேட்டு வரும் கடிதங்களோடு எனக்கு நெடுநாள் பகை. இப்போது பலத்தை விட்டுவிட்டுத் தனிமைக்கும் தரவரிசை கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். இந்த வியாதியைப் பரப்பியது 'டிராகன் பால்' கதையில் வரும் ஸ்கௌட்டர். காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக எதிரியைப் பார்த்தால், அவன் பலம் இத்தனை என்று எண் காட்டும் கருவி. அது கதையில் உருப்படியாகச் செய்த வேலை இரண்டு: ஏமாந்துபோவது, வெடித்துச் சிதறுவது. கோகுவின் பலம் எட்டாயிரத்துக்கு மேலே போய்விட்டது என்று கத்தி, அவனுடைய எதிரி வெஜிட்டா அதைக் கழற்றிக் கையாலேயே நொறுக்கினான். ஆங்கில டப்பிங்கில் அது ஒன்பதாயிரம் ஆகிவிட்டது. உலகம் முழுக்க இன்றுவரை ஒன்பதாயிரம் என்றே சொல்லிச் சிரிக்கிறார்கள். கடல் தாண்டும்போது ஆயிரம் கூடிவிடுகிற ஓர் எண்ணை வைத்துக்கொண்டு யார் உசத்தி என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

'பாவம்' என்றீர்களே, அதைப் பற்றிப் பேசலாம். பாவப்படுவதில் நமக்குக் கஞ்சத்தனமே கிடையாது. ஆனால் நீங்கள் ஆள் மாறிப் பாவப்படுகிறீர்கள்.

'ஒன் பஞ்ச் மேன்' கதையின் சைதாமா எங்கே வாடுகிறான்? தினமும் நூறு தண்டால், நூறு வயிற்றுப் பயிற்சி, நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்று வருடம் உழைத்தான். முடி கொட்டியது, எவனையும் ஒரே குத்தில் சாய்க்கிற பலம் வந்தது. அதற்குப் பிறகு சண்டையில் சுவாரசியம் போய்விட்டது, வாஸ்தவம். சுரங்க உலகத்து ஆட்கள் படையெடுத்து வந்து தன்னை ரத்தம் சொட்ட அடிப்பதாகக் கனவு கண்டு பூரித்துப்போகிறான். விழித்துப் பார்த்தால் நிஜமாகவே வந்திருக்கிறார்கள். அவர்களுடைய ராஜாவும் ஒரே குத்து. அந்தக் கணத்தில் அவன் முகத்தில் ஏமாற்றம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு சண்டையில் அவன் பெருங்கவலை பேரங்காடியில் தள்ளுபடி நாள் தவறிவிட்டதே என்பதுதான். கொசு ஒன்றை அடிக்க முடியாமல் அவன் பல்லைக் கடிக்கும் காட்சியில் எந்த அரக்கனிடமும் காட்டாத ஆத்திரத்தைக் காட்டுகிறான். தள்ளுபடிச் சீட்டும் கொசுவும் உள்ளவனுக்கு வாழ்க்கையில் போராட்டம் இல்லை என்று யார் சொன்னது?

பாவம் என்றால் அதே கதையில் வரும் போரோஸ்தான் பாவம். அண்டத்தையே ஆட்டிப்படைத்த விண்வெளிக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் சலித்துப்போய் இருந்தவனிடம் ஒரு ஜோசியர், தொலைதூரத்தில் ஒரு கிரகம், அங்கே உனக்குச் சமமான ஒருவன், அவனோடு உனக்கு அருமையான சண்டை என்று எடுத்துவிட்டார். போரோஸ் கப்பலைக் கிளப்பினான். பயணம் இருபது வருடம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சைதாமாவுக்கு வயது 25. அப்படியென்றால் போரோஸ் கிளம்பிய அன்று அந்தச் 'சமமானவன்' ஐந்து வயதுப் பிள்ளை. தலை நிறைய முடியோடு தெருவில் விளையாடிக்கொண்டிருந்திருப்பான். பதினேழு வருடம் கப்பல் ஓடிய பிறகுதான் எதிராளி முதல் தண்டாலையே எடுக்கிறான்! சமமாக இருந்திருக்கக்கூடிய நாள் ஒன்று நடுவில் எங்கேயோ வந்து போயிருக்கும். அன்றைக்குப் போரோஸ் ஏதோ நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

ஆகவே ஜோசியர் சொன்ன கிரகம் சரி, ஆள் சரி. 'சமமான' என்பது மட்டும் பிசகு. நம் பத்திரிகையில் ராசிபலன் ஏன் போடுவதில்லை என்று வருடம் தவறாமல் கேட்கும் வாசகர்களும், அவர்களை எனக்கு எதிராகத் தூண்டிவிடும் எங்கள் விற்பனைப் பிரிவும் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ராசிபலன் சுத்தப் பொய்யாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. முக்கால்வாசி பலித்துத் தொலைக்கிறது பாருங்கள், அதில்தான் ஆபத்து. கால்வாசி பிசகுக்காக ஒருவன் இருபது வருட எரிபொருளைச் செலவழித்து, 'ஏ' என்ற பெயருள்ள நகரத்தைத் தரைமட்டமாக்கி, கடைசியில் ஒரு மொட்டைத் தலையனிடம் அடிவாங்கிச் செத்தான். சாகும் தறுவாயில் சைதாமா, நீ பலசாலிதான் என்று ஆறுதல் சொல்கிறான். அது பொய், நீ இன்னும் முழு மூச்சோடு மோதவே இல்லை என்று போரோஸ் கண்டுபிடித்துவிடுகிறான். தோற்றவனுக்கு அந்தக் கொஞ்ச நஞ்ச மரியாதையும் மிஞ்சவில்லை. இதைப் பார்த்துவிட்டு நீங்கள் சைதாமாவுக்கு உச்சுக்கொட்டுகிறீர்கள்.

இந்தக் கதைகளில் எனக்கு ஒத்துவராத விஷயம் இதுதான். வெற்றி முழுவதும் ஒருவனுக்கு. கடைசியில் துக்கத்தையும் அவனே வாரிக்கொண்டு போகிறான். அடிவாங்கியவனுக்கு அழக்கூட எதையும் மிச்சம் வைப்பதில்லை.

கோஜோவுக்கு வருவோம். 'ஜுஜுட்சு கைசென்' மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிச் செல்லலாம். 2024 செப்டம்பரிலேயே முடிந்துவிட்ட தொடருக்கு இனியும் என்னால் ரகசியக் காவல் இருக்க முடியாது. கோஜோவைத் தொட வரும் எதுவும் நெருங்க நெருங்க வேகம் குறைந்து, அவனிடம் வந்து சேர்வதே இல்லை. தனிமையை இதைவிடப் பச்சையாக வரைய முடியாது; கொஞ்சம் அதிகப் பச்சை என்றுகூடச் சொல்வேன். ஆனால் பள்ளி நாட்களில் அவனும் நண்பன் கெட்டோவும் 'நாங்கள்தான் பலசாலிகள்' என்று பன்மையில் சொல்லித் திரிந்தவர்கள். ஒருவன் மட்டும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட, அந்தப் பன்மை செத்துப்போகிறது. கெட்டோ வழிமாறிப் போகிறான். கதையின் கணக்குப்படி 2017 டிசம்பர் 24 அன்று அவனைக் கோஜோவே கொல்கிறான். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் சுகுனா என்ற அரக்கனோடு மோதிக் கோஜோ சாகிறான்.

அந்தச் சண்டைக்குக் கிளம்பும்போது மாணவர்களும் சகாக்களும் ஆளுக்கொரு தட்டு அவன் முதுகில் தட்டி அனுப்புகிறார்கள். யாராலும் தொட முடியாதவனின் முதுகில், பளார் பளாரென்று. செத்த பிறகு ஒரு விமான நிலையத்தில் கெட்டோவைப் பார்த்து, முதுகில் தட்டியவர்களில் நீயும் இருந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும் என்ற பொருளில் ஒன்று சொல்கிறான். நீங்கள் சொல்லும் தனிமை உண்மையிலேயே இங்கே இருக்கிறது. அது எதிரி கிடைக்காத தனிமை இல்லை. நண்பனைத் தொலைத்த தனிமை. எல்லாருக்கும் வருவதுதான், பலசாலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதே விமான நிலையத்தில், தன் முழு பலத்தையும் சுகுனாமேல் இறக்கிவைத்தது ஆனந்தமாக இருந்தது, சுகுனாதான் முழு பலத்தையும் காட்ட வாய்ப்பில்லாமல் போய்விட்டது, அது மனத்தை உறுத்துகிறது என்கிறான்! தன்னை இரண்டு துண்டாக்கியவனுக்காக இரங்குகிறான். கீழே அவன் மாணவர்கள் அந்த அரக்கனிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்த மாணவர்கள் பாவமா, ஆசிரியர் பாவமா?

கோகு இதில் இன்னும் மோசம். சிரித்த முகம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. செல் என்ற அரக்கனோடு தன் மகன் கோஹான் மோதப்போகும் நேரத்தில், களைத்திருக்கும் அரக்கனுக்கு சென்ஸு பீன்ஸைத் தூக்கிப் போடுகிறான். ஒன்றைத் தின்றால் போன பலம் மொத்தமும் திரும்பிவிடும். மகன் சண்டையை உன்னைப்போல ரசிப்பவன் இல்லை, அங்கே நின்றுகொண்டு அப்பா ஏன் காப்பாற்ற வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பான் என்று பிக்கொலோ திட்ட வேண்டியிருக்கிறது. பெற்ற அப்பனுக்குப் பச்சை நிறத்து வேற்றுக்கிரகத்துக்காரன் சொல்லித்தர வேண்டிய பாடம். கடைசி எதிரியான பூ என்ற அரக்கனை அழிக்கும்போதும் கோகுவுக்கு ஒரு வேண்டுதல்: நீ நல்லவனாகப் பிறந்து வா, தனியாக மோதிப் பார்ப்போம். வேண்டுதல் பலிக்கிறது. ஊப் என்ற சிறுவனாக அவன் பிறந்து வருகிறான். மனைவி, மகன், பேத்தி எல்லாரையும் விட்டுவிட்டு அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுக்கப் பறந்துவிடுகிறான் கோகு. 1995-இல் அதன் படைப்பாளி தொரியாமா முடித்த மாங்காவின் முடிவே அதுதான். எதிரி தீர்ந்துபோனால் விதைபோட்டு வளர்க்கிற ஆள். இவனுக்கா தனிமை?

என் இரக்கம் மொத்தத்தையும் வெஜிட்டாவுக்கு எழுதிவைத்துவிட்டேன். இளவரசனாகப் பிறந்தவன், கீழ்ச்சாதிப் போராளி என்று தான் ஏளனம் செய்தவனிடம் தோற்றவன். முதல் தோல்வியில் ஊர்ந்து ஊர்ந்து கப்பலுக்குப் போகிறான்; கோகுவின் நண்பன் குரிலின் வாளை ஓங்குகிறான்; விட்டுவிடு, இவனோடு மறுபடி மோத வேண்டும் என்று கோகு தடுக்கிறான். உயிர்ப்பிச்சைதான். ஆனால் போட்டவன் இரக்கத்தில் போடவில்லை, பொழுதுபோக்கைச் சேமித்துவைத்தான். பிறகு வருடக்கணக்காக உழைத்து, வெறி தாளாமல் பாபிடி என்ற மந்திரவாதிக்குத் தன் மனத்தையே திறந்துவிட்டு, கடைசியில் கோகுவைச் சண்டைக்கு இழுக்கிறான். சமமாக நின்று அடித்துக்கொள்கிறார்கள். வெஜிட்டா வாழ்நாளில் கண்ட ஒரே சமத்துவம் அது. அதற்குப் பிறகு தெரியவருகிறது, கோகுவிடம் அதற்கும் மேலே இன்னொரு நிலை இருந்தது, அன்று அதை வெளியே எடுக்கவே இல்லை. அடிபட்டதைவிட அது அவனைச் சுட்டது. நியாயம்தானே? சம்பள உயர்வுக்குப் பரிந்துரை செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரியும் மேலதிகாரியை யாருக்காவது பிடிக்குமா? பூவோடு கோகு மோதுவதைத் தள்ளி நின்று பார்த்தபடி, நீதான் முதல்வன் என்று தனக்குள் ஒப்புக்கொள்கிறானே, தொரியாமா எழுதியதில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். அதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தனிமை என்றால் அதை வரையுங்கள்.

உண்மை மனிதர்களிடமும் இப்படி உண்டா என்று அடுத்த வாரம் நீங்களே கேட்பீர்கள். சதுரங்க வீரர் கார்ல்சன் குகேஷிடம் தோற்று மேஜையைக் குத்தியதைப் பற்றி நம் ஊரில் எழுதாத பத்திரிகை இல்லை, ஜப்பானிலேயே இருப்போம். ஷோகி என்ற அவர்களுடைய சதுரங்கத்தில் ஃபுஜீ சோட்டா 2023 அக்டோபரில் எட்டுப் பெரும் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த முதல் ஆளானார். 254 நாட்கள் அந்த உச்சத்தில் இருந்தார். அதற்கிடையில் அவரோடு இரண்டு பட்டப் போட்டிகளில் மோதி, ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் திரும்பிய இட்டோ டகுமி, மூன்றாவது முறை வந்து 2024 ஜூனில் அந்த எட்டில் ஒன்றான எய்ஓ பட்டத்தை 3–2 என்று பறித்தார். இருவரும் 2002-இல் பிறந்தவர்கள். 2012-இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியின் அரையிறுதியில் இதே இட்டோவிடம் தோற்றுத்தான் ஃபுஜீ ஓவென்று அழுதார். அந்த இட்டோவும் இறுதிச் சுற்றில் இன்னொரு பையனிடம் தோற்றார். இருவரையும் தாண்டிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த மூன்றாவது பையனின் கதையை யாராவது மாங்காவாக வரைந்தால் சொல்லுங்கள். முதல் சந்தா என்னுடையது.