வண்டியில் மேப்: செட்டிநாட்டு டெலிவரிக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. வண்டிகளுக்கு ஜிபிஎஸ் மாட்டுவதும், ஓட்டுநர்களுக்கு மேப் பழக்குவதும் என் தொழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தானில் பார்சல் ஓட்டும் தம்பி: அண்ணே, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று மேப் சொல்லுது. நிமிர்ந்து பார்த்தால் மொட்டைச் சுவர். வாசல் அடுத்த தெருவில் இருக்கு. போனில் கோளாறா?

போனில் கோளாறு இல்லை தம்பி. நம்ம ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடப்பவை. வாடிக்கையாளர் உள்ளே வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், உட்கார்ந்துகொண்டு லொகேஷன் அனுப்புகிறார். திறந்தவெளியில் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கனத்த சுவருக்குள் அந்தக் கணக்கு நிற்காது, புள்ளி கூரைமேல் எங்காவது விழும். மேப்புக்கு முகப்பும் தெரியாது, பின்கட்டும் தெரியாது. புள்ளிக்கு எந்த ரோடு கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடும். பின்தெரு நாலடி கிட்ட இருந்தால் மொட்டைச் சுவர்தான்.

முதல் தடவை பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, முகப்புக்கு நேரே ரோட்டோரத்தில் நின்று ஒரு புள்ளியைச் சேமித்துவிடுங்கள். வீட்டு வாசற்படியில் நின்று சேமிப்பதைவிட ரோட்டோரம்தான் சரி. அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் இதற்கு நல்ல வசதி. நாட்டையே 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். முகப்புக்கு ஒரு குறியீடு வரும், பின்வாசலுக்கு வேறு வரும். வாடிக்கையாளரிடம் ஒரு தடவை வாங்கிவைத்தால் போதும்.

புள்ளியோடு ஒரு வரிக் குறிப்பும் வேண்டும். இங்கே பல வீடுகளுக்குக் கதவு எண்ணைச் சொன்னால் தெருக்காரருக்கே தெரியாது, குடும்பத்து இனிஷியலைச் சொன்னால்தான் கை காட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டுநர் எழுதியிருந்த குறிப்பு இது: "கிழக்கு வாசல். பூட்டியிருந்தால் வாட்ச்மேன் எதிர்வீட்டுத் திண்ணையில். ரெண்டு மணிக்கு மேல் தூங்குவார்." இதை எந்தச் சாட்டிலைட்டும் சொல்லாது. அந்த ஓட்டுநர் லீவு போட்ட அன்றைக்குப் புதுப் பையன் அதே வீட்டுக்கு நேராகப் போய் இறங்கினான். முதலாளிகள் காசு கொடுத்து வாங்குகிற எந்த மென்பொருளைவிடவும் இந்தக் குறிப்புப் பட்டியலுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

காரைக்குடியில் பலகாரம் போடும் ஆச்சி: தம்பி, ரெண்டு வண்டி வச்சிருக்கேன். ஒரு நடைக்கு இருபது வீடு வரும். மேப்பில் அத்தனையும் ஏறலையே?

ஏறாது ஆச்சி. கூகுள் மேப்பில் கிளம்புகிற இடம் போக 9 இடம்தான் போட முடியும். போட்டாலும் நீங்கள் போட்ட வரிசையிலேயேதான் கூட்டிப்போகும், நல்ல வரிசையை அதுவாகத் தேடித் தராது. 10 வீட்டை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம், அதனால் இதை மனக்கணக்கில் போட முடியாது. டெலிவரிக்கென்றே வரிசை போட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஊர் வாரியாக நீங்களே பிரித்துவிடுங்கள். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஒரு வண்டி. தேவகோட்டை ரோடு இன்னொரு வண்டி. ஒரே தெருவில் நாலு வீடு இருந்தால், இடது கைப் பக்கம் வருகிற வீடுகளைப் போகும்போதும் எதிர்ப்பக்கத்தைத் திரும்பும்போதும் கொடுக்கச் சொல்லுங்கள். பையன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை. அப்புறம், கடைசியில் இறங்கும் டப்பா அடியில், முதலில் இறங்குவது மேலே. நொறுங்கிப்போகிற சீப்புச்சீடை மட்டும் எந்த வரிசையானாலும் மேலேதான், அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேவகோட்டையிலிருந்து ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநர்: மேப் பார்த்து ஓட்டினால் போலீஸ் ஃபைன் போடுமா?

கையில் பிடித்தால் போடலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். ஸ்டாண்டில் மாட்டுங்கள், தமிழ்க் குரலைப் போடுங்கள், முகவரியை வண்டி கிளம்புவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.

ஒரு கூரியர் ஓட்டுநர்: உள்கிராமத்தில் டவர் கிடைக்கலை. ஜிபிஎஸ்-ம் போயிடுமா?

போகாது. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துச் சாட்டிலைட்டிலிருந்து வருவது, அதற்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமில்லை. டவர் இல்லாதபோது வராமல் போவது மேப் படமும் போக்குவரத்துத் தகவலும்தான். வைஃபை இருக்கும்போது சுற்றுவட்டார மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) ஏற்றும் ஓட்டுநர்: குறுக்கு வழின்னு சொல்லி ரயில்வே சுரங்கப்பாதைக்குக் கொண்டுபோய் விட்டுட்டுது. லோடோட ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாப் போச்சு.

நாம் வைத்திருக்கும் சாதாரண மேப் கார், பைக்கை மனதில் வைத்து வழி சொல்வது. வண்டியின் உயரம், எடை, கல் லோடு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மழை பெய்தால் பாதைக்குள் தண்ணீர் நிற்பதும் தெரியாது. நீங்கள் பார்த்த உயரத் தடுப்புகளை உங்கள் ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் மேப்பில் சிவப்புப் புள்ளியாகப் போட்டுவையுங்கள். கல் லோடுக்குப் பத்து நிமிடம் கூடுதலானாலும் மெயின் ரோடுதான். குழியில் விழுந்து நாலு கல் மூலை உடைந்தால் மிச்சம் பிடித்த டீசல் காசு அதிலேயே போய்விடும்.

புதுவயல் அரிசி வண்டி முதலாளி: வண்டி எங்கே நிக்குதுன்னு காட்டுற ஜிபிஎஸ் ட்ராக்கர் மாட்டலாம்னு இருக்கேன். டிரைவர்கள் "எங்களை வேவு பார்க்கிறீங்களா"ன்னு முகத்தைத் தூக்குறாங்க.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "அங்கே ஏன் நின்றாய்" என்று கேட்பதற்கு மட்டும் ட்ராக்கரைத் திறந்தால் அது வேவுதான். டீ குடிக்க நின்ற பத்து நிமிடத்துக்குக் கணக்குக் கேட்கிற முதலாளியிடம் எந்த நல்ல டிரைவரும் தங்க மாட்டார்.

அதே ட்ராக்கர் டிரைவருக்குச் சாட்சியாகவும் நிற்கும். லோடு இறக்குகிற இடத்தில் இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, "உங்க வண்டிதான் லேட்" என்று பார்ட்டி சொன்னால், வண்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது என்று திரையில் காட்டலாம். காத்திருப்புக் கூலியையும் கேட்டு வாங்கலாம். டிரைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதே திரையை அவர்களுக்கும் காட்டுங்கள். இன்னொன்று, ஓடுகிற வண்டிக்குப் போன் அடித்து "எங்கப்பா இருக்கே" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் திரையிலேயே இருக்கிறது.

மாட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். இக்னிஷன் வயரை இணைக்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிறதா அணைத்து நிற்கிறதா என்று சரியாகத் தெரியாது. எஞ்சினைத் தூரத்திலிருந்தே அணைக்கும் ரிலே மாட்டினால், வண்டி நிற்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஓடும் வண்டியில் அது அணைத்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக் பூஸ்டர் உதவியும் போய்விடும்.

காரைக்குடி கூரியர் அலுவலகம்: திருவிழா நாளில் மேப்பை நம்பலாமா?

பாதிதான். மற்ற போன்கள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று பார்த்துத்தான் மேப் நெரிசலைக் கண்டுபிடிக்கிறது. தெருவை அடைத்த பிறகுதான் அதற்கே தெரியும். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிப் பாதயாத்திரை போகும் நாட்களில் குன்றக்குடி ரோட்டையும், வைகாசியில் கொப்புடையம்மன் கோயில் பக்கத்தையும் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள். திங்கட்கிழமைச் சந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அங்கே போகும் பார்சல்களை விடிகாலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

புதுசாகக் குட்டி யானை வாங்கப் போகிறவர்: வண்டியிலேயே ஸ்கிரீன் பொருத்தணுமா, போன் போதுமா?

போன் போதும். ஆனால் சித்திரை வெயிலில் கண்ணாடியை ஒட்டி மாட்டினால் போன் சூடேறித் திரை மங்கும், சார்ஜும் ஏறாது. டேஷ்போர்டில் நிழல் விழும் இடமாகப் பார்த்து, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டுங்கள். ஸ்கிரீனுக்கு வைத்த காசில் நல்ல ஸ்டாண்டும் சார்ஜரும் வாங்கினால் மிச்சமே நிறைய வரும்.