சுவருக்குப் பின்னால் சம்ப் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறையில் வாட்ச்மேன் குடும்பம் குடியிருக்கிறது. சுவரெல்லாம் ஓதம், மூலையில் கருப்புப் பூசணம். போன வருடம் பெயின்ட் அடித்தோம், திரும்பவும் வந்துவிட்டது. அவருடைய ஆறு வயது மகளுக்கு ராத்திரியானால் இழுப்பு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் சரியாகுமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மா, முதலில் குழந்தையை இன்று ராத்திரியே வேறு இடத்தில் தூங்க வையுங்கள். உங்கள் அசோசியேஷன் அறையோ, காலியாக இருக்கும் ஒரு வீடோ, எதுவானாலும் சரி. சுவர் வேலைக்கு மாதக்கணக்காகும், அதுவரை அந்தப் பிள்ளை அங்கே மூச்சுவிடக் கூடாது.

பூசணம் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு எல்லாம் அதனால் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். பூசணம் கருப்பா பச்சையா என்பது முக்கியமில்லை. எந்த நிறமானாலும் எடுத்தாக வேண்டும். டாக்டரிடம் போகும்போது அறையின் போட்டோவையும் காட்டச் சொல்லுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். மூச்சு வாங்கும்போது விலா ஒட்டினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உடனே 108.

இனி சுவர். கட்டட வேலையிலேயே காலம் கழித்தவன் நான். அப்படியும் 2015 வெள்ளம் வடிந்த பிறகு, மேற்கு மாம்பலத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பொங்கலுக்குள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தேன். மார்ச்சில் அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் குத்தினால் தண்ணீர் கசிந்தது, பின்னால் மாவு மாதிரி உப்பு. அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்த மூன்று மாதமும் இன்ஹேலரைத் தலையணைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு தூங்கினார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் வரும் வழி தெரியாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம், எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் பெருமளவு குறையும்.

அப்புறம், அந்தச் சுவருக்குப் பின்னால் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது. மழைக்காலத்தில் மட்டம் ஏறியிருந்தாலும் கசிவுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி உங்களுடையது. நிலத்தடி நீர் மேலே ஏறி சம்புக்குள் புகுந்தால், எல்லா வீட்டுக் குழாயிலும் அதுதான் வரும்.

கசிவை அடைத்த பிறகு உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுங்கள். ஈரம் தெரியும் இடத்துக்கு மேலேயும் ஒரு அடியாவது எடுக்க வேண்டும். கொத்தனார் ‘மேலாகச் சுரண்டினாலே போதும் சார்’ என்பார், விடாதீர்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுப் பூச்சு. கோடையில் வைத்துக்கொண்டால் நல்லது. டைல்ஸ் ஒட்டி மறைக்க வேண்டாம், ஈரம் மேலே ஏறிவிடும்.

பிளீச்சிங் பவுடர் மேல்கறையை வெளுக்கும், ஈரத்தை நிறுத்தாது. அதோடு டாய்லெட் கழுவும் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்தபடியே தேய்க்காமல், நனைத்துவிட்டுத் துடையுங்கள். துடைப்பவருக்கு என்-95 மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பூசணம் பிடித்த பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் குடும்பத்துக்குப் புதுசு வாங்குவது உங்கள் அசோசியேஷன் பொறுப்பு.

சுவர் சரியானாலும், காற்றோட்டமில்லாமல் கார் புகை வரும் அறையில் மூன்று பேர் குடியிருக்கலாமா என்பதையும் அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுப்புங்கள். சம்ப் மட்டம் என்ன சொன்னது, பிள்ளைக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.