பயோ-மேத்ஸா, பாலிடெக்னிக்கா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பத்தாவது ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் என்கிறார். பையன் பாலிடெக்னிக்கில் இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) டிப்ளமா என்கிறான், லீவு முழுக்கத் தாய்மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையே கதியாகக் கிடக்கிறான். "ஸ்பேனர் பிடிக்கவா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தோம்?" என்பது உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி.

அவரிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், ஆக 6. டிப்ளமா 3 வருடம், அதை முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் இன்னும் 3 வருடம், அதுவும் 6. பாலிடெக்னிக் போனால் இன்ஜினியர் ஆக முடியாது என்பது வெறும் பயம். நடுவில் பணக் கஷ்டம் வந்து படிப்பு நின்றாலும் கையில் டிப்ளமா இருக்கும். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு அது போதும். வெறும் பிளஸ் டூவோடு நிற்பவனுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

பயோ-மேத்ஸ் எடுத்தால் எல்லா வழியும் திறந்திருக்கும் என்கிறாராம். வாஸ்தவம். ஆனால் டாக்டர் ஆசையே இல்லாத பையன் இரண்டு வருடம் உயிரியலைச் சுமப்பது யாருக்காக? பள்ளியிலேயே தொடர்வதானால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் போதும். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அந்த மூன்று பாடமும் இந்தக் குரூப்பில் உண்டு.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை: அவன் படிப்பது அரசுப் பள்ளியா? ஆம் என்றால் நிதானியுங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பத்தாவதோடு பள்ளியை விட்டால் அது போய்விடும். அப்படியானால் நான் பிளஸ் டூ பக்கமே சாய்வேன்.

இனி பையனைப் பற்றி. கடையில் கிடக்கிறான் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே என்ன செய்கிறான் என்று உங்கள் தம்பியிடம் விசாரியுங்கள். கருகிப்போன போர்வெல் மோட்டார் ஒன்று வருகிறது. பழைய காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, புதுக் கம்பியை ஸ்லாட்டில் இறக்கிக் கட்டி வார்னிஷ் அடிப்பது ஒரு வேலை. மூன்று ஃபேஸில் ஒன்று போனதும் மோட்டார் ஏன் கருகியது, ஸ்டார்ட்டர் ஏன் ட்ரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்தவில்லை என்று குடைவது இன்னொரு வேலை. பையன் இரண்டாவதில் மூக்கை நுழைக்கிறான் என்றால் டிப்ளமாவும் அதற்கு மேலும் அவனுக்கு ஒத்துவரும். கைவேலையில்தான் அவன் சந்தோஷம் என்றால் ஐடிஐ எலக்ட்ரீஷியன் 2 வருடம்; அதிலிருந்தும் டிப்ளமா இரண்டாம் ஆண்டுக்குப் போக வழி இருக்கிறது. அதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு ஃபேன் ஓடவில்லை என்றால் யாரைத் தேடுகிறோம்?

கணக்கில் என்ன மார்க் என்றும் சொல்லவில்லை நீங்கள். இதுதான் முக்கியம். கடை வேலை பிடித்துப்போன பையன்கள் பலர் டிப்ளமா முதல் வருடக் கணக்கில்தான் அரியர் வைக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் என்பதால் தமிழ் வழியில் படித்தவனுக்கு முதல் சில மாதங்கள் திணறலாக இருக்கும். கணக்கு தடுமாறுகிறது என்றால் காலேஜ் திறக்கும் வரை காலையில் ஒரு மணி நேரம் பத்தாவது இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் திரும்பப் போடட்டும். கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.

பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போடுங்கள், பள்ளி சீட்டையும் இப்போதைக்கு விட வேண்டாம். டி.சி.யை அவசரப்பட்டு வாங்காதீர்கள். நடுவில் ஒரு நாள் அப்பாவும் பையனும் சேர்ந்து பக்கத்து அரசு பாலிடெக்னிக்கின் எலக்ட்ரிக்கல் லேபைப் பார்த்துவிட்டு வரட்டும். கடைசி வருடம் படிக்கும் பையன்கள் யாராவது இருந்தால், வேலைக்கு எந்தெந்த கம்பெனி வந்தது, எவ்வளவு சம்பளம் என்று அப்பாவே நேரில் கேட்கட்டும்.

மார்க் ஷீட் நகலோடு மறுபடி எழுதுங்கள்.