துறவிக்குடிலின் கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். போன மாதம் சர்ரேயில் உள்ள பெயின்ஸ்ஹில் தோட்டத்துக்குப் போனேன். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் உரிமையாளர் சார்லஸ் ஹாமில்டன் சம்பளத்துக்கு ஒரு துறவியை அமர்த்தினாராம். ஏழு வருடம் பேசக் கூடாது, முடியும் நகமும் வெட்டக் கூடாது, இருந்து காட்டினால் 700 பவுண்டு. ஆள் மூன்றே வாரத்தில் வேலையை இழந்தானாம். இதைப் படித்துவிட்டு ஆசையாகப் போனால், குடில் 2004-ல் கட்டியதாம்! போலியைக் காட்டிக் காசு வாங்கலாமா? அந்தத் துறவி நிஜமாகவே இருந்தானா?

ச.

அன்புள்ள ச.,

துறவியை முதலில் அனுப்பிவிடுகிறேன். அந்த 700 பவுண்டும் மூன்று வாரமும் வாய்க்கு வாய் வளர்ந்த கதை. சில தோட்டங்களில் ஆள் இருந்ததுண்டு. ஷ்ராப்ஷையரின் ஹாக்ஸ்டோனில் துறவிக்குப் பிறகு ஒரு பொம்மையை உட்கார வைத்தார்கள். செல்போர்னில் 1763-ல் இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட்டின் தம்பி ஹென்றி, விருந்தினரைச் சிரிக்க வைக்கத் துறவி வேஷம் கட்டினார். அவ்வளவுதான். குடிலை விட்டுவிட்டு அதில் தூங்குகிறவனைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களுமா?

'போலி' என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. நீங்கள் நடந்த அந்தத் தோட்டத்தில் எது அசல்? பாழடைந்த மடாலயம் 1772-ல் பாழடைந்ததாகவே புதிதாகக் கட்டப்பட்டது. உள்ளே செங்கல், மேலே கல் மாதிரி பூச்சு. கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணி மண்டபம் தூரத்தில் கல், கிட்டப் போனால் மரம். குகையில் தொங்கும் கல்விழுதுகள் மரக்கூம்புகள், சுண்ணாம்புக் காரையில் படிகங்களைப் பதித்தவை. இதையெல்லாம் ரசித்துவிட்டுக் குடிலிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நியாயமா?

துறவிக்குடில் முதல் நாளிலிருந்தே மக்கத் தொடங்கும் கட்டடம். பட்டை உரிக்காத கோணல் மரம், வேர்க்கட்டை, பாசி, வைக்கோல். இருண்ட, ஈரமான மூலையில் வைத்தால்தான் துறவிக்குப் பொருத்தம். வேய்ந்த கூரைக்கோ வெயிலும் காற்றும் வேண்டும். இந்தச் சண்டை தீராது. தலைக்கு மேல் தொங்கும் கிளைகளை வெட்டினால் பாதி தீரும், ஆனால் இருட்டு போய்விடும்.

கூரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது, 50 இருந்தால் நல்லது. குறைந்தால் தண்ணீர் வழியாமல் உள்ளே இறங்கும். நாணல் என்றால் 25 முதல் 40 ஆண்டு, கோதுமைத்தாள் அதற்குக் குறைவு. முகட்டை மட்டும் 10–15 ஆண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சுவரில் ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சிகளுக்கு நடுவே மரஆப்பால் திணித்த பாசி காய்ந்து சுருங்கும், பறவைகளும் கூட்டுக்குப் பிடுங்கிப் போகும். திரும்பத் திணிக்க வேண்டியதுதான்.

குடில் சாவதோ காலில். தூண் மண்ணைத் தொடும் இடத்தில். ஓக் மரத்தின் வைரம், அதாவது கெட்டியான நடுப்பகுதி, மண்ணில் புதைத்தாலும் 15–25 ஆண்டு தாங்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மரம் சில ஆண்டுகளிலேயே பொடியும். துறவிக்குடிலுக்குப் பட்டையோடு மரம் வேண்டும் என்பதால் வெள்ளையைச் செதுக்கி எடுக்க வழியில்லை. பட்டைக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஈரம் தங்கும், வண்டு முட்டையிடும். அதனால் மரத்தைக் குளிர்காலத்தில், டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வெட்ட வேண்டும். வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறியபின் வெட்டினால் பட்டை வாழைமட்டை மாதிரி கழன்று வரும். தோல் பதனிடுகிறவர்கள் ஓக் பட்டையை உரிக்கும் காலம் அதுதான்.

தூணைப் புதைக்காதீர்கள். தரைக்கு மேல் 15 சென்டிமீட்டராவது எழும்பும் ஆதாரக்கல்லில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நட்டு, அதில் தூணைச் செருக வேண்டும். கல்லின் மேற்புறம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். சாதாரண இரும்பு ஆணி கூடாது. ஓக்கில் உள்ள துவர்ப்பு அதை அரிக்கும், மரமும் கறுக்கும். செம்பு ஆணி அல்லது மர ஆணி போதும்.

இவ்வளவும் தெரிந்த ஆட்களே கடைசியில் ஒரு காரியம் செய்கிறார்கள், அதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. தூண் ஆடுகிறது என்று காலைச் சுற்றி சிமென்ட் குழைத்து ஊற்றுகிறார்கள். மரம் காயும்போது சுருங்கும், சிமென்ட் சுருங்காது. நடுவில் ஒரு விரிசல். தூண் வழியே இறங்கும் மழை நேரே அதற்குள் போகும். சிமென்ட் அந்தத் தண்ணீரை வெளியே விடாது. தூணுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தது போல ஆயிற்று! வெளியே பட்டை கம்பீரமாக நிற்கும், உள்ளே கால் கூழாகியிருக்கும். பலப்படுத்துகிறேன் என்று சொல்லித்தான் கொல்கிறார்கள்.

குளோஸ்டர்ஷையரின் பேட்மின்டனில், வானியலாளர் தாமஸ் ரைட் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அமைத்த வேர்க்குடில் இன்றும் நிற்கிறது, முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாக. நிற்பது வேர்க்கட்டைகள். தலையில் இருப்பது ரைட் பார்த்த வைக்கோல் இல்லை. அதைப் போலி என்பீர்களா?

உங்கள் ஏமாற்றம் புரியாமல் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து, கதையைச் சுமந்துகொண்டு தனியாகப் போயிருக்கிறீர்கள். டெவனில் கில்லர்டன் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 1808-ல் கட்டிய குடில், பின்னாளில் ஒரு கரடியை அங்கே வளர்த்ததால் 'கரடிக் குடில்'. உள்ளே போனதும் தரையைப் பாருங்கள். ஒரு பகுதியில் மான்களின் மூட்டெலும்புகளைத் தலைகீழாக, மூட்டு மேலே தெரியும்படி நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் குனிந்து தூண்களின் காலைப் பாருங்கள். பட்டையில் சிறு துளைகளும் கீழே மெல்லிய மரத்தூளும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள். நகத்தால் கீறிப் பார்க்காதீர்கள்.