காது எழுப்பும் ஒலியும் 'ரெஃபர்' சீட்டும்

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "பிறந்த மறுநாள் குழந்தைக்கு ஓஏஇ (காது எழுப்பும் பதில் ஒலியை அளக்கும் செவித்திறன்) பரிசோதனை செய்தார்கள். வலது காதில் 'பாஸ்', இடது காதில் 'ரெஃபர்' என்று சீட்டில் உள்ளது. ஒரு மாதத்துக்குள் மீண்டும் வரச் சொன்னார்கள். தட்டு விழுந்தால் குழந்தை திடுக்கிடுகிறது, காது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் என் அம்மா. போக வேண்டுமா?"

அவசியம் போக வேண்டும். ஆனால் இப்போதே கலங்க வேண்டியதில்லை.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 வெளிமயிர்ச் செல்கள் உள்ளன. ஒலி வந்ததும் இவை சுருங்கி நீண்டு அந்த அதிர்வைப் பெருக்குகின்றன. அப்போது எழும் அதிர்வில் ஒரு துளி, வந்த வழியே திரும்பி, செவிப்பறையைத் தாண்டி மிக மெல்லிய ஒலியாக வெளியே கசிகிறது. இதை 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் முதன்முதலில் பதிவு செய்து காட்டினார். குழந்தையின் காதில் வைத்த மென்மையான முனையிலுள்ள சிறு ஒலிபெருக்கி 'டிக் டிக்' என்று ஒலிக்க, அதே முனையிலுள்ள மைக் இந்தப் பதில் ஒலியைப் பிடிக்கிறது.

'ரெஃபர்' என்றால் பதில் ஒலி கிடைக்கவில்லை என்றுதான் பொருள். செவிடு என்று பொருளல்ல. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் வெண்மாவோ (பிறக்கும்போது குழந்தையின் தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு) நீரோ தங்கியிருந்தாலும், குழந்தை அழுதாலும், அறையில் இரைச்சல் இருந்தாலும் அந்த ஒலி மைக்கில் பிடிபடாமல் போகலாம்.

உங்கள் அம்மா கண்டது உண்மைதான். ஆனால் தட்டு விழும் சத்தத்துக்கு வலது காது ஒன்றே போதும். இடது காதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வயிறு நிறையப் பால் கொடுத்து, குழந்தை உறங்கும் நேரத்தில் பரிசோதனை நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மறுமுறையும் 'ரெஃபர்' வந்தால், செவி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை அளக்கும் பெரா பரிசோதனையை 3 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். குறைபாடு உறுதியானால் 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது நல்லது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

இன்னொன்று: ஓஏஇ மயிர்ச் செல்களோடு நின்றுவிடும், நரம்பைச் சோதிக்காது. ஆகவே, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்திருந்தாலோ, கடுமையான மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, இரு காதிலும் 'பாஸ்' வந்தாலும் பெராவைக் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்தில் வழக்கமாக உள்ளபடி நீங்கள் சொந்தத்தில் மணம் செய்தவர் என்றால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.