ஒன்பது படித்தவர்களின் கோபம்

கேள்வி: ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையில் ஒன்பது புத்தகங்களை முடித்துவிட்டேன். பத்தாவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’டில் கதை நகரவே இல்லை, தாண்டிப் போய்விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாண்டலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: பெயரை மறைக்கிற அளவுக்கு இதில் என்ன மானக்கேடு? ஒன்பது தலையணைகளைப் படித்து முடித்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே கேட்கலாம்.

எல்லோரும் என்கிறீர்களே, யார் அந்த எல்லோரும்? மந்திரம், தீர்க்கதரிசனம் என்றாலே கொட்டாவி விடுகிறவர், 1990இல் வந்த முதல் புத்தகத்திலேயே விலகிப் போயிருப்பார். பத்தாவதைத் திட்ட ஒரு தகுதி வேண்டும். ஒன்பதைப் படித்திருக்க வேண்டும். ஆக, அத்தனை வசவும் சொந்தக்காரர்களிடமிருந்து வருவது. ஆயிரக்கணக்கான பக்கங்களை விழுங்கிவிட்டு, பத்தாவதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, இனி இந்த ஆசிரியர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று சபதம் செய்வார். பதினொன்றாவது வந்த அன்று வரிசையில் முதல் ஆளாக நிற்பவரும் அவரே. கேட்டால், என்னதான் ஆகிறது பார்ப்போமே என்பார். கோபம் வந்தால் கதையில் வருகிற நைனீவ் ஜடையைப் பிடித்து இழுக்கிறாள், புத்தகம் முழுக்க இதே வேலை என்று புகார் சொல்பவர்களும் இவர்கள்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். பிடிக்காத புத்தகத்துக்கு யாராவது கணக்கு எழுதுவார்களா? என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் பொறுமைசாலி அந்த ஜடை ஒன்றுதான்.

சரி, அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்பதாவதின் முடிவில் கதாநாயகன் ராண்ட், ஆண்களின் மந்திர சக்தியில் படிந்திருந்த நஞ்சைக் கழுவுகிறான். மொத்த வரிசையிலும் மிகப் பெரிய சம்பவங்களில் ஒன்று. அப்புறம் என்ன என்று 2000 நவம்பரிலிருந்து 2003 ஜனவரி வரை காத்துக் கிடந்தார்கள். புத்தகம் வந்தது. ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் அதே நாளில் மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல உட்கார்ந்துவிட்டார். எங்கோ தொலைவில் பிரமாண்டமாக ஏதோ நடக்கிறது என்று உணர்கிறார்கள். உணர்ந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். எலேய்ன் குளிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவருக்கு அந்தக் குளியல் எப்படி இருந்திருக்கும்! ஆனால் நீங்கள் நேற்று ஒன்பதை மூடி இன்று பத்தைத் திறக்கப் போகிறவர். அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் பாதி காலண்டருக்குப் போட்டது. அந்தக் கோபத்தை நீங்கள் ஏன் கடன் வாங்க வேண்டும்?

‘வெட்டுவதற்கு ஒரு எடிட்டர் இல்லையா?’ என்று வேறு கேட்கிறார்கள். இங்கேதான் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. இருந்தாரே! ஜோர்டனுடைய எடிட்டர் அவர் மனைவி ஹாரியட் மக்டூகல். கதை ஓடினால் எழுத்தாளர் மேதை, இழுத்தால் எடிட்டர் தூங்கிவிட்டார்; காலங்காலமாக இதுதான் தீர்ப்பு. வெட்டி எறிந்த பக்கங்களை யார் கண்டது? 2007இல் ஜோர்டன் இறந்த பிறகு, மீதிக் கதையை எழுத பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தவரும் அந்த எடிட்டர்தான். ஒரே புத்தகமாக முடிப்பேன் என்று ஜோர்டன் சொல்லிவந்த கடைசிப் பாகம் மூன்று புத்தகங்களாகப் பெருகி 2013இல் முடிந்தது. அப்போது கத்தரிக்கோல் கேட்ட குரல்கள் அவ்வளவாகக் காதில் விழவில்லை.

தாண்டினால் ஸோ ஹாபர் என்ற ஊரையும் தாண்டிவிடுவீர்கள். கடத்தப்பட்ட மனைவியைத் தேடிப் போகிற பெரின், கூட வருகிற படைக்குத் தானியம் வாங்க அங்கே நுழைகிறான். குளித்துப் பல நாளான மனிதர்கள், யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூட்டையைத் திறந்தால் வண்டு மொய்க்கிறது. செத்தவர்கள் நடமாடுகிறார்கள் என்று ஊரே நடுங்கிக் கிடக்கிறது. பசிக்கிற படை இருக்கிறதே, வேறென்ன செய்வது? அதையே தூற்றி, புடைத்து, எடுத்துப் போகிறார்கள். போர் இல்லை, வாள்வீச்சு இல்லை. உலகம் உள்ளுக்குள் அழுகத் தொடங்கிவிட்டதை ஒரு தானிய மூட்டையை வைத்துக் காட்டிவிடுகிறார் ஜோர்டன். இதற்குப் பெயர் கதை நகரவில்லையாம்!

நீளம் என்றதும் டோல்கீன் ஞாபகம் வருகிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குறைகள் பல உண்டு, அவற்றைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை என்கிறார். மற்றவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறார்: புத்தகம் ரொம்பச் சின்னது! இதை முன்பே இந்தப் பக்கத்தில் எழுதினேன். நீங்கள் நீளத்துக்குக் கொடி பிடிக்கிறீர்கள் என்று பழைய வாசகர் ஒருவர் பதினோரு பக்கத்துக்குக் கண்டனம் அனுப்பினார். இரண்டு பக்கமாகச் சுருக்கித் தாருங்கள், பிரசுரிக்கிறேன் என்றேன். ஒரு வரியைக்கூட எடுக்க முடியாது என்கிறார்.