‘இந்த வாரம் என்ன செய்தாய்?’

கேள்வி: ஐயா, நாகர்கோவில் அருகே ஒரு கல்லூரியில் சிவில் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறிய நான், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதி, வெளியூரில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் எம்.டெக். சேர்ந்துள்ளேன். கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடிப்பது பற்றிய ஆய்வு. வாராவாரம் வழிகாட்டி, ‘இந்த வாரம் என்ன செய்தாய்?’ என்று கேட்கும்போது எனக்குப் பேச்சே வருவதில்லை. நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கையையும், 34 விழுக்காடு பிறர் வரிகளோடு ஒத்திருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டார். ஊர்க் கல்லூரியில் படித்ததுதான் குறையா? திரும்பி வந்துவிடலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: வர வேண்டாம், மகளே. உங்கள் அறிவில் குறை இல்லை. இதுவரை உங்களிடம் எதிர்பார்த்தது ஒன்று, இப்போது எதிர்பார்ப்பது வேறொன்று என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், 28 தூண்களின் மேல், பரளியாற்றைக் கடந்து வாய்க்கால் நீரைக் கொண்டுசெல்கிறது என்று எழுதினால் இளநிலையில் மதிப்பெண் கிடைக்கும். முதுநிலையிலோ, இத்தனை ஆண்டு மழையும் வெயிலும் பட்ட அந்தத் தூணில் இன்று எவ்வளவு வலிமை மிஞ்சியிருக்கும், தூணை உடைக்காமல் அதை எப்படி அளப்பது, கான்கிரீட்டுக்குள் ஒலியலையைச் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனை தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேள்விகளையே நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

ஆகவே வழிகாட்டி கேட்பது முடிந்த விடையை அன்று, முயற்சியின் கணக்கை. எதைச் செய்ய நினைத்தீர்கள், எது நடந்தது, எது கைகூடவில்லை, எங்கே நிற்கிறீர்கள் என்று வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். வார்த்த கான்கிரீட் கட்டைகளில் இரண்டு சோதனைக்கு முன்பே கீறல் விட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். அந்தக் கீறல் ஏன் வந்தது என்பதிலிருந்தே பேச்சு தொடங்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை அழிக்க, துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்வதைக் கட்டுரைகளில்தான் பிறர் படித்திருப்பார்கள். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர் நீங்கள்.

34 விழுக்காட்டைப் பொறுத்தவரை, வழிகாட்டி உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; அதற்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும்; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். கட்டுரையைப் படித்து மூடிவைத்துவிட்டு, அது சொல்வதை முதலில் தமிழில் உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். பிறகு அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினால் பிறர் வரி தானாக விலகிவிடும். மேற்கோளை மட்டும் அந்தந்த இடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

கேள்வி: எம்.டெக். படிக்கும் என் மகனுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகத்தில் வேலை வாங்குகிறார்கள். இது முறைதானா?
- ஒரு தந்தை, குழித்துறை

பதில்: முறைதான். விடைத்தாள் திருத்துவதும், இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகத்தில் உதவுவதும் அந்த உதவித்தொகையோடு சேர்ந்த கடமை. நாலு பேர் முன்னால் நின்று விளக்கும் பழக்கமும் அதில்தான் வரும். வேலை எட்டு மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டே போனால், நாளும் நேரமும் குறித்து, துறைத் தலைவரிடம் மகனே எழுத்தில் கொடுக்கட்டும். தாங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டாம்.